தோட்டத்தில் குட்டி நாய்: கண்டதையும் தின்னாமல் பழக்குவது

குட்டியைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அதன் வாயில் ஏதாவது இருக்கும். காய்ந்த சருகு, கூழாங்கல், தென்னங்குரும்பை, நத்தை ஓடு, எதுவாகவும் இருக்கலாம். உடனே "ஏய், துப்பு!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறோம். தாடையைப் பிளந்து, விரலை விட்டுப் பிடுங்குகிறோம். நாலைந்து தடவை இப்படி நடந்தால் போதும், இவர்கள் வந்து சேர்வதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்று குட்டி கற்றுக்கொண்டுவிடும். கல்லை விழுங்கி அறுவை சிகிச்சை வரை போகும் குட்டிகளில் பல, வெறுமனே கடித்து விளையாடிக்கொண்டிருந்தவைதான். துரத்தியதால் விழுங்கியவை.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வேலைகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்து குட்டியைக் கயிற்றில் வையுங்கள். சொல்லிப் பழக்குவது அதற்குப் பிறகுதான். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். எலி மருந்து கிடக்கும் தோட்டத்தில் "விடு" என்ற சொல்லை மட்டும் நம்பி இரண்டு மாதக் குட்டியை அவிழ்த்துவிடுவது விஷப்பரீட்சை.

ஏன் தின்கிறது?

குட்டிக்குக் கை இல்லை. எதையும் வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ளும். ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் 28 பால் பற்களும் விழுந்து 42 நிலையான பற்கள் முளைக்கின்றன. அந்த நாட்களில் ஈறு நமநமவென்று ஊறும், கிடைத்ததைக் கடிக்கும். இதை அடக்க முடியாது, வேறு பக்கம் திருப்பலாம்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு வேலை கூடுதல். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு. அது எவ்வளவு தின்றாலும் இன்னும் தேடும். தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டுக் குட்டிக்குக் காரணம் வேறு. போட்டி போட்டுத் தின்று பழகியதால் மெல்லாமல் விழுங்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

முதல் வேலை: குனிந்து ஒரு சுற்று

குட்டியை வீட்டுக்குள் விட்டுவிட்டு, கையுறை மாட்டி, ஒரு சாக்குடன் இறங்குங்கள். நின்றபடி பார்த்தால் பாதிதான் தெரியும். முடிந்த இடத்திலெல்லாம் முட்டி போடுங்கள், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரைதான் இப்போது முக்கியம்.

1. கேட்டிலிருந்து தொடங்கிச் சுவரை ஒட்டியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். குறுக்கே போனால் மூலைகள் விட்டுப்போகும்.
2. தொட்டிகளை நகர்த்தி அடியில் பாருங்கள். கண்ணாடிச் சில்லு, ஆணி, பீடித் துண்டு, கொசுவர்த்திச் சுருளின் மிச்சம் எல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.
3. மோட்டார் அறை, ஏசி பெட்டியின் பின்புறம், கழிவுநீர்த் தொட்டி மூடியின் ஓரம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எப்போதோ வைத்த எலி மருந்து இந்த மூன்று இடங்களில்தான் இருக்கும்.
4. உரம், பூச்சிமருந்து, கரையான் மருந்து எதுவும் தரையில் இருக்கக் கூடாது. இறுக மூடும் டப்பாவில் போட்டு, இடுப்புக்கு மேல் உயரத்தில் பூட்டி வையுங்கள். மூட்டையின் வாயைக் கயிறு போட்டுக் கட்டுவது போதாது.
5. பக்கத்து வீட்டுக் கிளை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அண்ணாந்தும் ஒருமுறை பாருங்கள். காய் அவர்களுடையதானாலும் விழுவது உங்கள் மண்ணில்.

இந்தச் சுற்று ஒரு நாளோடு முடிவதில்லை. காற்றடித்த மறுநாள், மழை விட்ட மறுநாள், கொத்தனாரோ தோட்டக்காரரோ வந்து போன மறுநாள் திரும்பச் செய்யுங்கள். தீபாவளிக்கு மறுநாள் கட்டாயம். வெடிக்காத பட்டாசிலும் சிதறிய மருந்திலும் பேரியம் போன்ற நச்சு உப்புகள் இருக்கும்.

எடுக்க வேண்டிய செடிகள்

நச்சுச் செடிகளின் பெரிய பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் வீடுகளில் உண்மையிலேயே இருப்பவற்றைப் பார்த்தால் போதும்.

தயங்காமல் வெளியேற்ற வேண்டியவை அரளி, மஞ்சள் அரளி, சைகஸ் மூன்றும். இரண்டு அரளிகளும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் மோசம். சைகஸ் அழகுக்காக வாசலில் வைப்பது. அதன் எல்லாப் பாகமும் கல்லீரலை அழிக்கும், விதையில் நஞ்சு அதிகம். விதையைத் தின்ற குட்டி முதல் நாள் வாந்தி எடுத்து, கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்து, இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலையோடு படுத்துவிடக்கூடும். மொட்டை மாடியில் பலரும் தொட்டியில் வளர்க்கும் அடீனியமும் அரளிக் குடும்பம்தான். அதைக் குட்டிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வேலியோரம் தானாக முளைப்பவை ஆமணக்கு, ஊமத்தை, எருக்கு, குன்றிமணி. பார்த்தவுடன் வேரோடு பிடுங்குங்கள். ஆமணக்கு விதையையும் குன்றிமணியையும் முழுதாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்து உடைத்துவிட்டால் ஆபத்து. குட்டியோ எதையும் கடித்துப் பார்ப்பது. செங்காந்தள் வைத்திருந்தால் அதன் கிழங்கை நாய் தோண்டும், அது உயிருக்கே ஆபத்து. நித்தியகல்யாணி, ரணகள்ளி இரண்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றுங்கள்.

மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா, சேம்பு வகைகள் வேறு ரகம். இலையிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயில் குத்தும். குட்டி எச்சில் ஒழுக, முகத்தைத் தரையில் தேய்க்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் ஓட வேண்டியிருக்கும்.

செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, வெட்டிவேர், கொத்தமல்லி, அறுகம்புல் எல்லாம் இருக்கலாம். நாய் புல் தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பெரும்பாலான நாய்கள் செய்வது. மருந்தடித்த புல்லாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செடியைவிட ஆபத்தானவை

என் கணக்கில், நம் தோட்டங்களில் செடியைவிட நாம் கொண்டுபோய்ப் போடுவதுதான் அதிகம் கெடுக்கிறது.

*பழைய மாலை.* சாமி படத்திலிருந்து எடுத்த மாலையைக் குப்பையில் போட மனம் வராமல் மரத்தடியில் போடுவது வழக்கம். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அரளிப் பூ. அரளி காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. நடுவே ஒன்றரை முழம் நூல். அபிஷேகத்துப் பாலோ தேனோ பட்டு அந்த நூலில் இன்னும் வாசம் ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டி வாசத்துக்காகச் சவைக்கும், நூல் உள்ளே போய்விடும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அந்த நூலின் மேல் சுருக்குப் பையைப் போலச் சுருங்கும். நூல் குடல் சுவரை அறுக்கவும் செய்யும். குட்டியின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். கத்தரிக்கவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாலையை இனி நூல் பிரித்து, மூடியுள்ள தொட்டியில் மட்க விடுங்கள்.

*சமையலறைக் கழிவு.* ரோஜாவுக்கு நல்லதென்று காபிச் சக்கை, டீத்தூள், வெங்காயத் தோல், முட்டை ஓடு எல்லாவற்றையும் வேரடியில் கொட்டுகிறோம். சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபின் குட்டியின் இதயத்தைப் படபடக்க வைக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பூஞ்சணம் பூத்த உரக்குழியைக் கிளறித் தின்ற குட்டிக்கு உடல் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உரத் தொட்டிக்குக் கல் வைத்த மூடி போதாது, கொக்கி வேண்டும்.

*புண்ணாக்கும் எலும்புத் தூளும்.* எலும்புத் தூள் வாசத்துக்கு நாய் மண்ணையே தோண்டித் தின்னும், அது வயிற்றில் கட்டியாக இறுகிக்கொள்ளும். அதோடு ஆமணக்குப் புண்ணாக்கைக் கலந்து போடுவது மிகக் கெட்ட சேர்க்கை. சரியாகச் சூடாக்கி நஞ்சு நீக்காத ஆமணக்குப் புண்ணாக்கில் விதையின் நஞ்சு அப்படியே தங்கியிருக்கும். குட்டி ஒரு வயதைத் தாண்டும் வரை இரண்டையும் நிறுத்திவிட்டு மண்புழு உரத்துக்கு மாறுங்கள்.

*எலி மருந்து.* மெழுகுக் கட்டி போல, பிஸ்கட் போல விற்பவற்றில் பெரும்பாலும் புரோமடியோலோன் இருக்கும். தின்ற அன்று குட்டி துள்ளி விளையாடும். மூன்று முதல் ஐந்து நாளில் ரத்தம் உறையும் தன்மை போய் உள்ளுக்குள் கசியத் தொடங்கும். கருஞ்சாம்பல் பொடியாக வரும் சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும், அதற்கு மணிக்கணக்கில்கூட அவகாசம் கிடையாது. மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து உண்டு. நாய் வளர்க்கும் வீட்டில் எலிக்குக் கூண்டு வையுங்கள். மருந்துதான் வேண்டுமென்று பூச்சி ஒழிப்புக்காரர் சொன்னால், பூட்டுள்ள பெட்டியில் வைக்கச் சொல்லி, எங்கெங்கே வைத்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணைக்கும் இதே விதி. நத்தையை இரவில் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்குவது சிரமம்தான், ஆனாலும் அதுவே வழி.

*விழுந்த பழங்கள்.* மாங்கொட்டை குடலை அடைக்கும். தேங்காய் நாரும் அப்படியே. புளியம்பழத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. திராட்சை, உலர்திராட்சை போலவே அதுவும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மூன்றிலும் உள்ள டார்டாரிக் அமிலத்தையே மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். புளியமரம் இருக்கும் வீட்டில் பழம் உதிரும் பருவம் முழுக்கக் காலையில் பெருக்கிய பிறகே குட்டி வெளியே வரட்டும்.

இரண்டாம் வேலை: குட்டிக்கென்று ஒரு மூலை

முழுத் தோட்டத்தையும் சுத்தமாக வைத்திருக்க யாராலும் முடியாது. எட்டுக்கு எட்டு அடி இடத்தை வைத்திருக்கலாம். நிழலான மூலை ஒன்றைத் தேர்ந்து மூன்றடி உயரத்துக்கு இரும்புக் கம்பி வலை கட்டுங்கள். பச்சை நிழல்வலை வேண்டாம், அதையே கடித்து இழை இழையாக விழுங்கும். உள்ளே ஜல்லி வேண்டாம். புல்லோ ஆற்று மணலோ இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒன்றிரண்டு கெட்டி ரப்பர் பொம்மைகள் வையுங்கள். பொம்மை குட்டியின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மணலில் பொம்மையைப் புதைத்து வைத்தால் தோண்டும் ஆசையும் தீரும். பல் முளைக்கும் நாட்களில் ஃப்ரீசரில் வைத்த முழு கேரட் ஒன்றைக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மூன்றாம் வேலை: நீளக் கயிறு

இந்த மூலையை விட்டு வெளியே வரும்போதெல்லாம், முழுப் பழக்கம் வரும் வரை, குட்டி கயிற்றில்தான் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளமுள்ள இலேசான கயிறு போதும். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். கயிறு தரையில் இழுபடட்டும். குட்டி ஆபத்தை நோக்கிப் போனால் கயிற்றின் நுனியை மிதித்து நிறுத்திவிட்டு, உற்சாகமாகக் கூப்பிட்டபடி நீங்கள் எதிர்ப்பக்கம் நடங்கள். சுண்டி இழுக்காதீர்கள்.

கயிறோடு தனியே விட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது, செடியில் சுற்றிக் கழுத்து இறுகும். குக்கர் விசில் அடிக்கிறதா, குட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

நான்காம் வேலை: "விடு"

இதைத் தோட்டத்தில் தொடங்காதீர்கள். தோட்டத்தில் ஆயிரம் வாசனை இருக்கும், உங்கள் குரல் அதில் எடுபடாது. ஹாலில், டிவியை அணைத்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. இரண்டு வகைத் தீனி வேண்டும். ஒன்று அதன் வழக்கமான உணவுக் குருணை. மற்றது அது உயிரை விடும் பண்டம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகத்தளவு கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அவித்த முட்டை.

1. வலது கையில் குருணையை மூடி அதன் மூக்கருகே காட்டுங்கள். இடது கையில் கோழி, முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதுவும் பேசாதீர்கள்.
2. குட்டி நக்கும், பிறாண்டும், விரலைச் செல்லமாகக் கடிக்கும். அசையாதீர்கள். சலித்துப்போய் மூக்கை ஓர் அங்குலம் விலக்கும் அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லி இடது கையிலிருந்து கொடுங்கள். வலது கையில் இருப்பதை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். விட்டது ஒருநாளும் கிடைக்காது, விட்டதற்கு அதைவிட நல்லது கிடைக்கும் என்பதுதான் பாடம்.
3. கையைக் காட்டிய உடனே ஐந்துக்கு ஐந்து தடவை விலகினால், கையை நீட்டுவதற்கு முன் "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். ஒரே முறை, சாதாரணக் குரலில். "விடு விடு விடு" என்று அடுக்கினால் மூன்றாவதற்குத்தான் காது கொடுக்கும்.
4. உள்ளங்கையைத் திறந்து காட்டுங்கள். பாய்ந்தால் மூடிக்கொள்ளுங்கள், திட்ட வேண்டாம்.
5. குருணையைத் தரையில் வைத்து உங்கள் கையை அதன் மேல் குடையாகப் பிடியுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காலால் மறைக்கத் தயாராக நில்லுங்கள்.
6. குட்டியைக் கயிற்றில் பிடித்தபடி தரையில் கிடக்கும் குருணையைக் கடந்து நடங்கள். எட்டாத தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் அரையடி நெருங்குங்கள்.
7. இப்போது தோட்டம். சருகு, குச்சி போன்ற ஆபத்தில்லாதவற்றில் தொடங்குங்கள். பிறகு நீங்களே ஒரு சப்பாத்தித் துண்டைப் போட்டு வைத்துச் சோதியுங்கள். கயிறு கையில் இருக்கட்டும்.

மற்றப் படிகளில் ஐந்துக்கு நான்கு சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். இரண்டு தடவை தொடர்ந்து தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏழாம் படியில் தோற்கும் பெரும்பாலான குட்டிகள் ஐந்தாம் படியை அவசரமாகத் தாண்டியவை.

வாயில் போட்டுவிட்டால்: "கொடு"

1. நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு விடுங்கள். ஓடாதீர்கள்.
2. பக்கவாட்டில் நடந்து போய்க் குந்துங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக்கொண்டு போனால் அது துரத்து விளையாட்டாகிவிடும்.
3. "கொடு" என்று சொல்லி, கோழித் துண்டை மூக்கில் படும்படி பிடியுங்கள். வாய் தானாகத் திறக்கும்.
4. அது தின்னும்போதே இரண்டு மூன்று துண்டுகளைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு, கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.
5. எடுத்தது ஆபத்தில்லாத பொருளானால் திருப்பிக் கொடுங்கள். பத்துக்கு எட்டு தடவையாவது திருப்பிக் கொடுத்தால், உங்களிடம் கொடுப்பது நட்டமில்லை என்ற நம்பிக்கை வரும்.

பொம்மையைக் கொண்டு தினமும் ஒத்திகை பாருங்கள். வாயில் இருப்பது எலி மருந்து, பேட்டரி, ஊசி என்றால் இந்த மரியாதையெல்லாம் கிடையாது, வாயைத் திறந்து எடுக்கத்தான் வேண்டும். அப்படி ஒரு நாள் வரும்போது குட்டி கடிக்காமல் விட வேண்டுமானால், மற்ற நாட்களில் வாயைப் பிளக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வீட்டார் கெடுக்கும் விதம்

தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி முறுக்கை உடைத்துக் கீழே போடுவார். தரையில் கிடப்பதெல்லாம் தனக்கு என்று குட்டி நினைத்துக்கொள்ளும். அவரோடு சண்டை போட வேண்டாம். குட்டியின் குருணையையே ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்து, கையிலிருந்துதான் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தோட்டக்காரர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் "விடு", ஒருவர் "நோ", ஒருவர் "சீ" என்றால் குட்டிக்கு எதுவும் புரியாது.

அடிப்பது, மிளகாய்த்தூள் தூவுவது இரண்டும் வேண்டாம். அடித்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் தின்னும். மிளகாய்த்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும், ஒரு மழைக்கே போய்விடும்.

எவ்வளவு பழக்கியும் கல்லையே தேடும் குட்டிக்குக் கூடை வடிவ மஸில் தற்காலிக உதவி. அதை மாட்டிக்கொண்டே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுகக் கட்டும் துணி மஸில் நம் வெயிலுக்கு உயிர்க்கொல்லி. கூடைக்குள் கோழித் துண்டை வைத்துக் குட்டியே மூக்கை நுழைக்கும்படி சில நாள் பழக்கிய பிறகு மாட்டுங்கள். மாட்டிவிட்டுத் தனியே விடாதீர்கள். பொடியும் திரவமும் கூடை வழியாகவும் வாய்க்குள் போகும்.

மழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு புதிய விருந்தாளிகள். மரத்தடிக் காளான்களில் எது நல்லது என்று ஆராய வேண்டாம், காலையில் முதல் வேலையாகப் பறித்துக் குழியில் மூடுங்கள். மற்றது தேரை. விளக்கடியில் பூச்சிக்காகக் காத்திருக்கும். குட்டி கவ்வினால் அதன் தோல் சுரப்பி நஞ்சைக் கக்கும். வாயில் நுரை தள்ளும், ஈறு செக்கச்செவேலென்று சிவக்கும். உடனே குட்டியின் தலையைத் தாழ்த்தி, கன்னத்தின் பக்கத்திலிருந்து வெளியே வழியும்படி மெல்லிய ஓட்டத்தில் ஐந்து பத்து நிமிடம் வாயைக் கழுவுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு தெரிந்தால் கழுவிக்கொண்டே நிற்காமல் கிளம்புங்கள். மழைக்கால இரவுகளில் கடைசி நடைக்குக் கயிறும் டார்ச்சும் இல்லாமல் இறங்காதீர்கள்.

தின்றுவிட்டது: என்ன செய்வது?

நல்ல நாளிலேயே மூன்று காரியங்களை முடித்து வையுங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து, எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பலருக்கும் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. குட்டியின் எடையை மாதம் இருமுறை குறித்து வையுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. ஈறின் நிறத்தைப் பார்த்துப் பழகுங்கள். நலமான குட்டிக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் வெளுத்து இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும்.

சம்பவம் நடந்தால்:

1. குட்டியை அந்த இடத்திலிருந்து தூக்குங்கள். வாயில் மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.
2. மருந்து அட்டை, செடியின் கிளை, வாந்தி எடுத்திருந்தால் அதுவும், பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே போட்டோ எடுங்கள்.
3. மருத்துவரை அழைத்து நான்கு விவரம் சொல்லுங்கள்: என்ன, எவ்வளவு, எப்போது, குட்டியின் எடை.
4. அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். அழைப்பு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள்.

உப்புக் கரைசல், புளித் தண்ணீர், தேங்காய் எண்ணெய், பால், மோர், பச்சை முட்டை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உப்புக் கரைசலே குட்டியைக் கொன்றுவிடும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பால் விஷத்தை முறிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பது தின்ற பொருளையும் நேரத்தையும் பொறுத்து மருத்துவர் எடுக்கும் முடிவு. அமிலம், மண்ணெண்ணெய், கூர்மையான பொருள் என்றாலும், குட்டி மயங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. சிங்க் பாஸ்பைடு என்று சந்தேகித்தால் சோறு ஏதும் கொடுக்காதீர்கள், உணவு அமிலத்தைத் தூண்டும். வண்டிக் கண்ணாடியைத் திறந்து வையுங்கள், வாந்தியிலிருந்து வரும் வாயு உங்களையும் தாக்கும்.

"நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருந்து பார்க்கக் கூடாதவை மெழுகு எலி மருந்து, சைகஸ், ஆமணக்கு விதை மூன்றும். முதலாவதற்கு வைட்டமின் கே1 என்ற நல்ல மாற்று மருந்து உண்டு, வாரக்கணக்கில் கொடுப்பார்கள். ரத்தம் கசியத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மண்ணையே தின்னும் குட்டி

எதையோ தேடும்போது கொஞ்சம் மண் நக்குவது சாதாரணம். நாள்தோறும் வாய் நிறைய அள்ளித் தின்றால் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் வயிற்றைப் பாருங்கள். குடற்புழு, ரத்தசோகை, போதாத சாப்பாடு இந்த மூன்றும்தான் முதல் சந்தேகங்கள். புழுநீக்க மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுப்பது பொதுவான வழக்கம். பால்சோற்றிலேயே வளரும் குட்டியானால் சாப்பாட்டை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் அதிகம். இவையெல்லாம் சரியாக இருந்தும் மண் தின்பது நிற்கவில்லை என்றால், வேலியிட்ட மூலையில் மணலை எடுத்துவிட்டுச் சிமெண்ட் தளத்தின் மேல் ரப்பர் விரிப்பு போடுங்கள், வெளியே கூட்டிப்போகும்போது கூடை மஸிலை மாட்டுங்கள், நான்காம் வேலையை இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.